வெள்ளைக்காரன் காலத்து இயந்திரமா?

திரியாய்க் கந்தசாமிமலையிலே பாறையொன்றின்மீது வெட்டப்பெற்ற வடமொழிச் சாசனமொன்று உண்டு. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்திலே அமைந்த அச்சாசனம் திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் வணிகர் பெயர்களைக் கூறுகின்றது. கிரிகண்டி என்னும் சைத்தியத்தைப் போற்றுகின்றது. ஆனால் தான் எழுதப்பெற்ற ஆண்டினை அது கூறவில்லை. அவ்வாறிருந்தும் பரணவிதான முதலிய சாசனவியலாளர், எழுத்தின் வளைவையும் கோட்டையும் நோக்கி, பிற சாசனங்களோடு ஒப்பிட்டு, அது கி.பி. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனத் துணிந்தனர். ஆண்டில்லாத பாறைக்கு ஆண்டு கண்ட அம்முயற்சியை எவரும் நகைக்கவில்லை. அதனைப் பாடநூலிலே சேர்த்தோம், பரீட்சையிலே வினாவாக்கினோம், விடையெழுதிப் புள்ளியும் பெற்றோம்.

அதே மலையின் அடிவாரத்து ஊரிலே, எனது பெரியப்பாவின் பட்டறையில், ஏறக்குறைய ஒரு தொன் எடையுள்ள கடைசல் இயந்திரம் ஒன்று நிற்கின்றது. ஊரார் அதனை 'லேத்' என்பர். உழவு இயந்திரத்தின் அச்சும், நீர் இறைக்கும் பம்பியின் தண்டும், வள்ளத்து எஞ்சினின் புஷ்ஷும் அதிலேதான் கடையப்படுகின்றன. அதன் வயது யாது என வினவுங்கள். கிடைக்கும் விடை ஒன்றே: "அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்." இன்னுஞ் சற்று வற்புறுத்திக் கேட்டால், "நேவிக்காரன் விட்டுட்டுப் போனது" என்பர். இவ்விரு விடைகளுக்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைக்க ஊராரும் விரும்பவில்லை, கற்றவரும் விரும்பவில்லை. ஊராரை நான் குறைகூறேன். அவர்களுக்கு அந்த இயந்திரம் ஓடினாற் போதும். எனது வழக்கு கற்றவரோடுதான். குறிப்பாக, காலத்தைக் கணிப்பதே தம் தொழில் எனக் கூறிக்கொள்ளும் எங்கள் கலைப்பீடத்தாரோடுதான்.

'வெள்ளைக்காரன் காலம்' என்பது எத்துணை நீளமான காலம் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியர் 1795 இல் கைப்பற்றினர். அவர்தம் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபர் 15 ஆம் நாளன்று இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்டவை நூற்றறுபத்திரண்டு ஆண்டுகள். இலண்டனிலே ஹென்றி மோட்ஸ்லி தமது புகழ்பெற்ற திருகுபுரி வெட்டும் கடைசல் இயந்திரத்தை அமைத்தது 1800 ஆம் ஆண்டளவில். ஆகவே உலோகங் கடையும் இயந்திரத்தின் நவீன வரலாறு முழுவதும் ஏறத்தாழ அந்த ஒற்றைச் சொற்றொடருக்குள் அடங்கிவிடுகின்றது! சோழர் காலச் செப்புத் திருமேனியையும் நாயக்கர் காலச் செப்புத் திருமேனியையும் ஒருவர் 'ராசா காலத்துச் சிலை' என்று ஒரே மூச்சிற் கூறினால் அவரை நாம் என்னவென்போம்? இரும்பு என்றதும் மட்டும் அந்தக் கூர்மை எங்கே போய் ஒளிந்துகொள்கின்றது?

இதற்கு மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றையும் நான் நேரிற் கேட்டவன் ஆதலின் கற்பனை எதிரியோடு போராடுவதாக எவரும் கருதற்க.

முதலாவது, இஃது பொறியியலாளர் வேலை. கலைப்பீடத்து மாணவனுக்கு இங்கே என்ன அலுவல் என்பது. பொறியியலாளர் அந்த இயந்திரத்திடம் கேட்கும் கேள்வி வேறு. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு அது பிழைவிடுகின்றது என அளப்பார். பிழை மிகுந்தால் கழித்துவிடச் சொல்வார். அது அவர் கடமை. எப்போது ஆக்கப்பட்டது, எவ்வழி வந்தது, எவர் கையில் இருந்தது, இடையில் எது மாற்றப்பட்டது என்பன அவர் வினாக்கள் அல்ல. அவை வரலாற்று மாணவனின் வினாக்கள். சான்றை எடைபோடுதல், மூலத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறிதல், வாய்மொழியையும் ஆவணத்தையும் ஒப்புநோக்குதல் ஆகியவற்றைத்தான் மூன்றாண்டுகளாக எமக்குக் கற்பிக்கின்றார்கள். ஏட்டுச் சுவடிக்கு மட்டுமே அவை பொருந்தும் என்று எந்த விரிவுரையிலும் கூறப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது சமாதானம் சற்றுச் சூடானது. ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற துருப்பிடித்த இரும்புக்காக நாம் ஏன் கண்ணீர் வடிக்கவேண்டும் என்பது அது. இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் தம்மை முற்போக்காளர் என்று கருதிக்கொள்பவர். உற்பத்திக் கருவிகளின் வளர்ச்சியே சமுதாய வளர்ச்சியின் அடிநாதம் என மேடைதோறும் முழங்கிவிட்டு, உற்பத்திக் கருவியொன்று கண்ணெதிரே நிற்கும்போது அதன் வயதை அறியவும் விரும்பாதவரை என்ன பெயரிட்டு அழைப்பது? திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை அட்மிரல்களின் வரலாறாகவே நாம் இதுகாறும் படித்து வந்துள்ளோம். 1942 ஏப்ரில் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1944 ஓகஸ்டு 8 ஆம் நாள் மிதக்கும் செப்பந்துறை 'வலியன்ட்' என்னும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையில் உடைந்ததும் நூல்களிலே உள்ளன. அக்கப்பல்களைச் செப்பனிட்ட கைகள் யாருடையவை? கடற்படைத் தளத்திலே தொழில் பழகியோரே பின்னர் நகரத்திற் பட்டறைகளைத் தொடக்கினர் என மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றேன். அஃது உண்மையாயின் அது துறைமுகத்து உழைப்பாளரின் வரலாற்றிலே பெரியதோர் அத்தியாயம். உண்மையன்றாயின் வெறும் பழங்கதை. எதனால் தீர்ப்பது? அப்பட்டறைகளின் இயந்திரங்கள் எப்போது, எங்கே ஆக்கப்பட்டவை என்பது தெரிந்தால், பாதி வழக்காவது தீரும். பிரித்தானிய அரசுடைமைப் பொருள்களிலே அகன்ற அம்புக்குறி பொறிக்கப்படுவது வழக்கம். அந்த அம்பைத் தேடி வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தவர் எம்முள் எத்தனை பேர்?

மூன்றாவது சமாதானமே மிக அபாயமானது. ஏனெனில் அது சோம்பலுக்கு அறிவின் உடையை அணிவிக்கின்றது. "இயந்திரத்திலே பித்தளைத் தகடு இருக்கின்றதே, அதிலே எல்லாம் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் தொடரிலக்கத்தை இணையத்திலே தட்டினால் ஆண்டு வந்துவிடும்" என்பது இக்கூற்று. இதனோடு நான் சற்று விரிவாகவே வாதிட விரும்புகின்றேன்.

தகடு பெயர்த்தெடுக்கக்கூடியது, நான்கு சிறிய ஆணிகளால் மட்டும் பிணைக்கப்பட்டது. பித்தளைக்கு இரும்பைவிட விலை அதிகம். இடப்பெயர்வுக் காலங்களில் முதலிற் காணாமற் போனவை தகடுகளே. அன்றியும், தகட்டிலே பல வேளைகளில் இருப்பது ஆக்கியோன் பெயரன்று, விற்றோன் பெயர். இறக்குமதி செய்த கம்பனி தன் பெயரைப் பொறித்துத் தன் தகட்டை அறைந்துவிடும். அதை நோக்கி 'இது கொழும்பிலே செய்த இயந்திரம்' என்று கூறிய ஒருவரை நான் அறிவேன். அமெரிக்க இயந்திரங்களிலே காப்புரிமை பெற்ற ஆண்டுகள் வரிசையாகக் காணப்படுவதுண்டு. அவற்றுள் இறுதியானதை இயந்திரத்தின் பிறந்த ஆண்டு எனக் கொள்வது பரவலான பிழை. காப்புரிமை ஆண்டு ஒரு கீழ் எல்லை மாத்திரமே. அதற்கு முன் அந்த இயந்திரம் ஆக்கப்பட்டிருக்க முடியாது. அதற்குப்பின் எத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆக்கப்பட்டிருக்கலாம். ஒரு நூலிலே கம்பராமாயணம் மேற்கோளாக வருமானால் அந்நூல் கம்பனுக்குப் பிற்பட்டது என்போமேயன்றிக் கம்பன் காலத்தது என்போமா?

இனித் தொடரிலக்கம். பெரும்பாலான கடைசல் இயந்திரங்களில் அது படுகையின் வால்முனையிலே, வழித்தடங்களுக்கு அண்மையில், உளியச்சினாற் குத்தப்பட்டிருக்கும். கிரீசும் இரும்புத் தூளும் சேர்ந்து இறுகிய அப்பகுதியை மண்ணெண்ணெயால் துடைத்து, தாளை மேலே வைத்துப் பென்சிலினால் தேய்த்தால் எண் தெளியும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போன்றதே இதுவும். தகட்டைவிட இவ்வெண் நம்பத்தக்கது என்பதிலே ஐயமில்லை. இந்தியானா மாநிலத்து சவுத் பென்ட் நகரில் 1906 இல் தொடங்கிய கடைசல் இயந்திர நிறுவனம், ஒவ்வோர் இயந்திரமும் யாருக்கு எந்நாளில் அனுப்பப்பட்டது என்பதற்குப் பதிவட்டை பேணி வந்தது. இங்கிலாந்தின் கொல்செஸ்டர், மைஃபோர்ட் முதலிய நிறுவனங்களின் எண்களுக்கு ஆர்வலர் பலர் பொறுமையோடு அட்டவணை தொகுத்துள்ளனர். அவர்தம் உழைப்பை நான் மதிக்கின்றேன். ஆயினும் அட்டவணை வேதமன்று. ஆலையிலிருந்து வெளியேறிய நாள் வேறு, விற்பனையான நாள் வேறு. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கும் இருக்கலாம். எண்கள் சில இடங்களிலே தாவிச் செல்லும். படுகை பழுதாகி மாற்றப்பட்டிருப்பின் அவ்வெண் படுகையின் வயதைச் சொல்லுமேயன்றித் தலைப்பகுதியின் வயதைச் சொல்லாது. பெருநிறுவனங்கள் மறைந்தபோது அவற்றின் பேரேடுகள் எல்லாம் தப்பிப் பிழைக்கவுமில்லை. ஒரு காலத்திலே இத்துறையில் உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றெனப் பேசப்பட்ட கொவென்ட்ரி நகரத்து அல்பிரட் ஹெர்பட் நிறுவனம் 1980களின் முற்பகுதியில் மறைந்தது. மைஃபோர்ட் 2011 இலே தன் பழைய ஆலையை மூடியது.

ஆகவே எண்ணோடு நில்லாது உடலையும் படிக்கவேண்டும். இங்கேதான் நான் இந்தத் துறையிலே சுவை கண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஒரு திருகின் புரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் விட்வேர்த் 1841 இல் முன்வைத்த நியமத்தின்படி பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864 இல் முன்வைத்த புரிக்கு 60 பாகை. அரை அங்குலப் போல்ட்டிலே விட்வேர்த் முறைப்படி ஓர் அங்குலத்திற்குப் பன்னிரண்டு புரிகள். அமெரிக்க முறைப்படி பதின்மூன்று. ஒரு புரி வேறுபாடு! எண்ணத் தெரிந்த சிறுபிள்ளையும் காணத்தக்கது. 1948 நவம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றிணைந்த புரி முறைக்கு உடன்பட்டன. போர்க்காலத்திலே ஒரு நாட்டின் நட்டு மறுநாட்டின் போல்ட்டிலே ஏறாமற் பட்ட இடர் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. ஆதலின் இங்கிலாந்திற் செய்த இயந்திரம் ஒன்றிலே, வார்ப்பின் உடலிலேயே வெட்டப்பட்ட துளையில் ஒன்றிணைந்த புரி காணப்படுமாயின், அது பெரும்பாலும் அவ்வுடன்பாட்டிற்குப் பிற்பட்டதாதல் வேண்டும். வார்ப்பின் துளை என்று அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. போல்ட்டைக் கடையிலே வாங்கி மாட்டலாம். அது ஒரு சான்றாகாது. துளையை மாற்றுவது அத்துணை எளிதன்று.

அவ்வாறே ஓட்டும் முறையும் பேசும். பட்டறைக் கூரையின் கீழ் நெடுந்தண்டு ஒன்று சுழல, அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தின் படிக்கப்பியையும் சுழற்றியது பழைய முறை. ஒவ்வோர் இயந்திரமும் தனக்கெனத் தனி மின்மோட்டரைப் பெற்றது பிற்காலத்தது. புரிவெட்டும்போது பற்சில்லுகளைக் கழற்றி மாற்றும் வேலையைக் குறைத்த விரைவுமாற்றுப் பெட்டிக்கு வென்டெல் நோர்ட்டன் காப்புரிமை பெற்றது 1892 இல். டெய்லரும் வைட்டும் ஆக்கிய அதிவேக உருக்கு 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே காட்டப்பட்டது. செஞ்சூட்டிலும் மழுங்காத அவ்வுளியின் வேகத்தைப் பழைய மெல்லிய இயந்திரங்கள் தாங்கமாட்டாமையால், பின்வந்தவை தடித்துப் பருத்தன. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் 'வோர் ஃபினிஷ்' என்னும் தகடு காணப்படும். போர்க்கால அவசரத்தில் வெளிப்பூச்சும் மெருகும் குறைக்கப்பட்டுள்ளன என்பது அதன் பொருள்.

இவற்றையெல்லாம் ஆங்கில நூல்களிலும் அட்டவணைகளிலும் கற்றுக்கொண்டு, பெருமிதத்தோடு பெரியப்பாவின் பட்டறைக்குப் போனேன். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

அந்த இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அதை வாங்கியவர் என் பாட்டனார். 1985 இல் எங்கள் ஊர் எரியுண்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது பட்டறையின் கூரையும் எரிந்து விழுந்தது. சுவர் சரிந்து இயந்திரத்தின்மேல் விழுந்தமையால், தூக்கிச் செல்ல வந்தவர்க்கும் அது எட்டவில்லை போலும். ஆண்டுகள் பல கழிந்து குடும்பத்தார் ஊர் மீண்டபோது, மண்மேட்டின் கீழே படுகையும் தலைப்பகுதியும் கிடந்தன. சக் இல்லை, வாற்பகுதி இல்லை, பற்சில்லுகள் இல்லை, தகடு இல்லை. பெரியப்பா வேறு இயந்திரம் ஒன்றின் வாற்பகுதியை அடியிலே தகடு வைத்து உயர்த்திப் பொருத்தினார். பழைய லொறி ஒன்றின் கியர் பெட்டியை மோட்டருக்கும் படிக்கப்பிக்கும் இடையே அமைத்தார். இன்று அது ஓடுகின்றது. இயந்திரம் ஒன்று, வயது மூன்றோ நான்கோ. சுவடியிலே இடைச்செருகல் காண்போர் இங்கு வந்து பார்க்கட்டும்.

அதன் படிக்கப்பியையும், தட்டையான வார் ஓடும் தடத்தையும், அங்குலத்திற்கு நான்கு புரி கொண்ட நெடுந்திருகையும் கண்டு, 'இது 1910க்கும் 1925க்கும் இடைப்பட்ட ஆங்கில இயந்திரம்' என்று நான் தீர்ப்பளித்தேன். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. படுகையின் பின்புறத்தைக் காட்டினார். எரிந்த நெருப்பு பழைய பூச்சையெல்லாம் உரித்துவிட்டிருந்தது. வார்ப்பிலேயே புடைத்தெழுந்த ஆங்கில எழுத்துகள் அங்கே இருந்தன: 'மேட் இன் இந்தியா'. அதற்கு மேலே ஆக்கியோன் பெயர் இருந்திருக்கவேண்டிய இடம் அராவித் தேய்க்கப்பட்டிருந்தது. எவனோ ஒரு வியாபாரி, இந்தியப் பொருள் என்றால் விலை குறையும் என அஞ்சி, பெயரை அழித்து, பின்புறத்து மூன்று சொற்களை மட்டும் மறந்துவிட்டான் என்றே கருதவேண்டியுள்ளது.

"தம்பி, வெள்ளைக்காரன்ட எண்டு சொன்னாத்தான் சனம் மதிக்கும். அதால நானும் ஒண்டும் சொல்லுறதில்லை" என்றார் பெரியப்பா.

என் பிழை எங்கே நேர்ந்தது? ஆங்கில நூல்களின் அளவுகோலை இந்த மண்ணில் அப்படியே ஊன்றியதிலே நேர்ந்தது. இங்கிலாந்திலே ஒரு வடிவம் கைவிடப்பட்ட ஆண்டு, இந்தியாவிலே அது கைவிடப்பட்ட ஆண்டன்று. இந்தியாவிலே கடைசல் இயந்திர உற்பத்தி பெருகியது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்; இறக்குமதி அருகியதே அதற்குத் தூண்டுதல். ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941 இல் தொடங்கியது, செகந்தராபாத்தின் பிராகா டூல்ஸ் 1943 இல், பெங்களூரில் எச்.எம்.டி. 1953 இல். இப்பெருநிறுவனங்களுக்கு அப்பால், பஞ்சாபின் பட்டாலா முதலிய ஊர்களின் சிறுவார்ப்பாலைகள், பழைய ஆங்கில அமெரிக்க இயந்திரங்களை அச்சாக வைத்து, படிக்கப்பியும் தட்டைவாருமாகவே நெடுங்காலம் வார்த்துவந்தன. மலிவு, எளிமை, கிராமத்திலே பழுதுபார்க்கக்கூடிய தன்மை ஆகியவை அதற்குக் காரணங்கள். சாசனவியலிலும் இதே படிப்பினை உண்டு. தலைநகரிலே எழுத்து மாறிவிட்ட பின்னரும் புறநாட்டுக் கற்றச்சன் பழைய வடிவையே வெட்டிக்கொண்டிருப்பான். அவ்வாறாயின் வடிவத்தை மட்டும் நம்பிக் காலங் கணிப்பவன் நூறாண்டு பிழைப்பான். நான் முப்பதோ நாற்பதோ ஆண்டு பிழைத்தேன்.

மேல் எல்லை கிடைத்தது எதிர்பாராத ஓரிடத்தில். பாட்டனார் 1969 இல் கடன் பெற்றபோது எழுதிய நொத்தாரிசு உறுதியின் பிரதியொன்று என் அத்தையிடம் இருந்தது. இடப்பெயர்வின்போது காணி உறுதிகளோடு சேலைக்குள் மடித்துக் கொண்டு சென்ற கட்டிலே அதுவும் இருந்திருக்கின்றது. ஈடாக வைத்த பொருள்களின் பட்டியலில் 'கடைசல் யந்திரம் ஒன்று, அதன் சகல உபகரணங்களோடும்' என்பது மூன்றாவது. ஆகவே 1969 இல் அது பாட்டனார் கையில் இருந்தது. கீழ் எல்லையை 1940களின் தொடக்கம் என வைத்தால், ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளி. இதைவிடச் சுருக்க என்னிடம் சான்றில்லை. 'இன்ன ஆண்டு' என்று ஓர் எண்ணைச் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. முப்பதாண்டு இடைவெளியைச் சொல்லிவிட்டு நிற்பதே நேர்மை. கடற்படைத் தளத்திலிருந்து வந்தது என்னும் கதைக்கோ ஆதாரம் ஏதுமில்லை. அகன்ற அம்புக்குறியை அங்குலம் அங்குலமாகத் தேடினேன், கிடைக்கவில்லை. குறி இல்லாமை மட்டுமே கதையைப் பொய்யாக்கிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

ஓர் இந்தியத் தொழிலாளி வார்த்து, ஒரு தமிழ்க் கிராமத்துப் பட்டறையிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்த இயந்திரத்துக்கு, மதிப்பு வேண்டி வெள்ளைக்காரனைத் தந்தையாக்கியிருக்கின்றோம். ஏகாதிபத்திய எதிர்ப்பை முழங்கும் நண்பர்கள் இதற்கு என்ன விடை சொல்வர்? இரும்பின் வயதை அறிய மறுத்ததாலன்றோ இந்த அடிமைக் கதை இத்தனை காலம் நிலைத்தது!

பழமை என்னும் சொல் எங்கள் ஊரிலே விளையாட்டுச் சொல்லன்று என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். எந்தப் பாறை எத்தனை நூற்றாண்டு பழையது என்பதை வைத்து எவர் வயலில் எவர் உழலாம் என்று பேசப்படும் பிரதேசம் அது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணியே அமைக்கப்பட்டது. தொல்லியலை நான் வெறுக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய பாறையைக் காக்க எவ்வளவு ஊக்கம் காட்டப்படுகின்றதோ, அதில் நூற்றில் ஒரு பங்கையாவது வாழ்ந்துகொண்டிருக்கும் மக்களின் உழைப்புச் சான்றுகளுக்கும் காட்டுங்கள் என்றே கேட்கின்றேன். இந்தியாவிலே 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருள் என வரையறுக்கும்போது, அறிவியலையும் கைவினையையும் விளக்கும் பொருள்களையும் சேர்த்தே கூறுகின்றது. 1920 இல் ஆக்கிய ஒரு கடைசல் இயந்திரம் அவ்வரையறையின்படி நூறாண்டைக் கடந்துவிட்டது. வயதை நிறுவினால்தான் அந்த வாதத்தையே தொடங்கமுடியும்; நிறுவாவிட்டால் அது பழைய இரும்பு, கிலோவுக்கு இத்தனை ரூபா.

அந்தத் தராசை நான் கண்ணாற் கண்டேன். சென்ற ஆண்டு விடுமுறையில், எமது மாவட்டத்து நிறுவனம் ஒன்றின் மூடிய பட்டறையிலிருந்து இயந்திரங்கள் ஏலத்திற் போவதாகக் கேள்வியுற்று அங்கே சென்றேன். கடைசல் இயந்திரங்கள் இரண்டு, சேப்பர் ஒன்று, துளையிடும் இயந்திரங்கள் மூன்று. விற்பது அவர்கள் உரிமை. அதை நான் எதிர்க்கச் செல்லவில்லை. எண்களை எழுதிக்கொள்ள அரைமணி நேரம் அனுமதி கேட்டேன். பொறுப்பாயிருந்த அலுவலர், எந்தப் பீடம் என்று வினவினார். கலைப்பீடம் என்றேன். சிரித்தார். "தம்பி, இது சிலையில்லை" என்றார். கடிதம் கொண்டுவரச் சொன்னார். கடிதத்தோடு மூன்றாம் நாள் திரும்பியபோது வாயு விளக்கினால் படுகைகளை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டின் வால்முனை நிலத்திலே கிடந்தது. குனிந்து எண்ணைப் படித்தேன். நான்கு இலக்கங்கள் தெரிந்தன. ஐந்தாவது வெட்டிலே போய்விட்டது. ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் ஒருவர்தான், "எழுதுங்கோ, எழுதுங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்று அத்துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

இவ்வாறு போனவை எத்தனை? செக்கோசிலவாக்கிய உதவியோடு எழுந்த காந்தளாய்ச் சீனி ஆலை 1993 இல் மூடப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் நின்றது. வாழைச்சேனைக் காகித ஆலையும் புல்மோட்டை இல்மனைற் கூட்டுத்தாபனமும் 1950களில் தொடங்கியவை. இவை போன்ற ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு செப்பனிடும் பட்டறை இன்றியமையாதது. ஆலைகளைப் பற்றி அரசியலாளர் பேசுவர், பொருளியலாளர் புள்ளிவிவரம் தருவர். அப்பட்டறைகளிலே நின்ற இயந்திரங்களின் பட்டியலை எங்கேனும் கண்டவர் உண்டாயின் எனக்கு அறியத்தரவேண்டும். நான் தேடிய நூலகங்களிலே கிடைக்கவில்லை.

இயந்திரங்களையெல்லாம் அரும்பொருட் காட்சிசாலையில் அடுக்கச் சொல்கின்றேன் என்று என்மீது குற்றஞ்சாட்டுவர். இல்லை. பெரியப்பாவின் இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஊரின் பம்பிகள் நின்றுபோகும். ஓடுபவை ஓடட்டும், தேய்ந்தவை உருகட்டும். உருகுமுன் ஒரு தாளும் ஒரு பென்சிலும் அவற்றைத் தொடட்டும் என்பதே என் வழக்கு. எண், அது குத்தப்பட்ட இடம், வார்ப்பெழுத்து, புரிக்கணக்கு, ஓட்டும் முறை, மாற்றப்பட்ட பாகங்கள், உடையவர் கூறும் கதை ஆகிய இவற்றை எழுத ஒரு பக்கம் போதும். உடையவரின் கதையைத் தள்ளிவிடாது தனியே எழுதவேண்டும். சான்றோடு கலந்துவிடவும் கூடாது. பூச்சைச் சுரண்டுமுன் உடையவரிடம் அனுமதி பெறவேண்டும். எண்ணுள்ள இடத்தை உப்புத்தாளாலோ அரத்தாலோ தேய்க்கலாகாது. பழையதைப் புதிதாக்குகிறேன் என்று எண்ணைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒருவரை நகரிலே கண்டேன், கொடுமை.

கலைப்பீடத்தார் இதைச் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்யப்போவதில்லை. சாசனவியற் பாடத்தின் களப்பயிற்சியில் ஒரு நாளைப் பட்டறைகளுக்கு ஒதுக்குவதால் பல்லவ கிரந்தத்திற்கு யாதொரு குறையும் நேராது. சென்ற ஆண்டு இக்கருத்தை ஒரு கருத்தரங்கிலே கூறியபோது, 'இரும்புக் கடைச் சாசனவியல்' என்று ஒரு நண்பர் கேலி செய்தார். அப்பெயரை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டுள்ளேன்.

இதுவரை திருகோணமலை நகரிலும், நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய இடங்களிலுமாகப் பதினொரு இயந்திரங்களைப் பதிந்துள்ளேன். அவற்றுள் நான்கின் ஆண்டை ஓரளவு நெருங்கமுடிந்தது. ஐந்துக்கு எல்லைகள் மட்டும். இரண்டைப்பற்றி ஒன்றும் கூறமுடியவில்லை. அக்குறிப்பேட்டின் பிரதியைச் சங்கத்தின் நூலக அலுமாரியில் வைத்துள்ளேன். மன்னார், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களைச் சேர்ந்த மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதிலுள்ள வெற்றுப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் செல்லலாம். தேயிலை ஆலைகளின் பட்டறைகளை அணுகக்கூடிய மலையகத்து நண்பர்களை நான் சிறப்பாக எதிர்பார்க்கின்றேன். வெட்டுண்ட துண்டின் நான்கு இலக்கங்களும் அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளன; அந்தப் பட்டறையிலே வேலை செய்த எவரேனும் ஐந்தாவதை நினைவில் வைத்திருக்கக்கூடும் என்பதால் அதனை அழிக்காமல் விட்டிருக்கின்றேன்.